ஆட்சேபம் இல்லாத விருந்தினர்கள்

1999ஆம் ஆண்டு மைசூரில், நீர்ப் பங்கீட்டுக் கண்காணிப்பு இயக்ககம் பொதுமக்களின் கருத்துக்குத் தலைவணங்குவது என்று முடிவுசெய்தது. நேரில் வருகிற பொதுமக்கள் சத்தம் போடுகிறார்கள், சிலர் காலிக் குடத்தோடு வேறு வருகிறார்கள் என்பதால், தலைவணங்கும் வேலையை இணையத்தில் வைத்துக்கொள்வது என்றும் அதே கூட்டத்தில் முடிவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் 'மக்கள் மன்றம்'. அதைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு எழுத்தர் கௌரிசங்கர் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று அந்த ஆபீசில் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

மன்றத்தில் ஏறிய முதல் அறிவிப்பே அவர் வீட்டுக் குழாயில் கைவைத்தது. தேவராஜ மொஹல்லா பேட்டையை ஒட்டி அவர் குடியிருந்த தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர், இனி பத்து நாளுக்கு ஒருமுறை வரும். பதினைந்து நாளுக்குள் மன்றத்தில் ஆட்சேபம் வராவிட்டால், மக்கள் மனமுவந்து சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.

மூன்றாம் நாள் துணை இயக்குநர் வைத்யநாதன் திரையைப் பார்த்து ஆனந்தத்தில் கண்கலங்கினார். 'இன்று மன்றத்துக்கு வந்தோர்: உறுப்பினர் 0, விருந்தினர் 214.'

"இருநூத்திப் பதினாலு பேர், கௌரிசங்கர்! ஒருத்தராவது ஆட்சேபம் எழுதியிருக்காரா?"

"இல்லே சார். ஆனா அவங்கல்லாம் மனுஷங்களே இல்லே. இணையத்துல தேடிக் குடுக்கற கம்பெனிங்க அனுப்பற புரோக்ராம். தானா வரும், எல்லாப் பக்கத்தையும் படிக்கும், போயிடும்."

"எல்லாப் பக்கத்தையுமா? நம்ம டைரக்டரே படிக்கலையே!"

"ஒரே பக்கத்தை மணிக்கு நாலு தரம் படிக்குது சார்."

"ஹௌதா, அப்படியா? பொறுப்புன்னா அதுதான். சத்தம் இல்லே, குடம் இல்லே. மனுஷங்க இல்லேன்னு சொல்றீங்களே, அத்தாட்சி இருக்கா?"

அத்தாட்சி இல்லை. உயிரோடு எதிரே நிற்கிறவனிடமே உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கேட்டுப் பழகிய ஆபீஸ், இதற்கும் கேட்டதில் தவறில்லை. வைத்யநாதன் கோப்பில் எழுதினார்: 'விருந்தினர்கள் திட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து அகமகிழ்ந்தனர்.'

வீட்டில் மனைவி திரிபுரசுந்தரி விடவில்லை. "பத்து நாளைக்கு ஒரு தரம்னா நான் சமைக்கறதா, பாத்திரம் தேய்க்கறதா? நீங்களே ஒரு ஆட்சேபம் எழுதுங்க."

"நான் எழுதினா வேலை போயிடும். நீங்கல்லாம் பிரௌசிங் சென்டர்ல போய் எழுதுங்க."

கெடு முடிகிற நாளன்று தெருவே கிளம்பியது. எதிர்வீட்டு சுந்தராம்பாள் தலைமையில் பதினேழு பேர் பிரௌசிங் சென்டரில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். விருந்தினராக யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். எழுத மட்டும் உறுப்பினராக வேண்டுமாம். அதற்கு கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட படிவம் மூன்று பிரதி. பரிசீலனைக்கு முப்பது நாள்.

"ஆட்சேபத்துக்குப் பதினஞ்சு நாள், உறுப்பினராக முப்பது நாளா?" என்று சுந்தராம்பாள் கம்ப்யூட்டரையே கேட்டாள். அது வாயைத் திறக்கவில்லை. அறிவிப்பை இன்னொரு தரம் படித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் வைத்யநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நேத்திக்கு இருநூத்தி முப்பத்தொண்ணு! ஆதரவு பெருகிக்கிட்டே போகுது."

"சார், அதுல பதினேழு பேர் நெஜ மனுஷங்க. எங்க தெருக்காரங்க. ஆட்சேபம் சொல்லத்தான் வந்தாங்க."

"சொன்னாங்களா?"

"சொல்ல வழியில்லே சார்."

"ஆயித்து, முடிஞ்சுது. வந்தாங்க, படிச்சாங்க, பேசாம போனாங்க. அப்புறம் அவங்களுக்கும் உங்க புரோக்ராமுக்கும் என்ன வித்தியாசம்?" கோப்பை நகர்த்தினார். "சரி, நீங்களும் அந்தத் தெருதானே? உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா? பதவி உயர்வுப் பட்டியல் என் மேஜைலதான் இருக்கு. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காம தாராளமாச் சொல்லுங்க."

கௌரிசங்கருக்கு வீட்டில் காலியாகக் கிடக்கும் அண்டா ஞாபகத்துக்கு வந்தது. பட்டியலும் வந்தது. கோப்பைத் திறந்தார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தரம் படித்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தார்.

வைத்யநாதன் கோப்பில் இருந்த 231 என்பதை அடித்துவிட்டு, 232 என்று திருத்தினார்.