டப்பாவின் அடியில் பாஸ்வேர்டு

இந்தியாவிலேயே மிகப் பாதுகாப்பாகப் பாஸ்வேர்டு வைத்திருந்தவள் நான்தான். எவர்சில்வரில் வெட்டி வைத்திருந்தேன். (சிரிக்காதீர்கள். கரையான் அரிக்காது, மழையில் நனையாது.)

என் செல்போனில் டார்ச்சைத் தவிர வேறு வசதி இல்லாத காலம். கும்மிடிப்பூண்டியில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஜப்பானிய மொழித் தேர்வில் தேறினால் ஆறு மாதம் ஜப்பானில் பயிற்சி என்றார்கள். வடக்கே தடா, தெற்கே சென்ட்ரல், அவ்வளவுதான் அதுவரை என் உலகம். எப்படியாவது விமானம் ஏறிவிடத் துடித்தேன்.

படிப்பதற்கு ஒரு மென்பொருள் கிடைத்தது. அட்டை அட்டையாக வார்த்தைகளைக் காட்டிக் கேள்வி கேட்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் சேர்த்த அட்டைகள், எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துப் பிரவுசிங் சென்டரிலும் வந்து நிற்கும். அதற்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். மறக்கவே முடியாத உண்மையாக இருக்கட்டும் என்று யோசித்து, ‘அம்மா சாம்பார் தண்ணி’ என்று ஆங்கில எழுத்தில் வைத்தேன். அது போதாது, நடுநடுவே பெரிய எழுத்து, ஒரு குறி, ஓர் எண் எல்லாம் வேண்டும் என்று அடம்பிடித்தது. சேர்த்தேன். உண்மை மனதில் நிற்கும், மற்றதெல்லாம் மறுநாளே மறந்துபோகும்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சேகர் அண்ணன் எச்சரித்திருந்தார். “பாஸ்வேர்ட மட்டும் பேப்பர்ல எழுதி வெக்காதம்மா. எவனாச்சும் பாத்துடுவான்.”

பேப்பரில் எழுதவில்லை. புது டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். பேர் வெட்டுகிறவர் என் துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாமா பேரு இது? தெலுங்கா?”

“ஆமாண்ணா. அடியில வெட்டுங்க.”

துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிம்மதியாக வீடு வந்தேன்.

தேர்வு சனிக்கிழமை. வியாழக்கிழமை சேகர் அண்ணன் என் கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக்கிவிட்டார். மென்பொருள் பாஸ்வேர்டு கேட்டது. மறந்துவிட்டால் மெயிலுக்கு அனுப்புமாம். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான். (புத்திசாலி என்றால் அப்படி ஒரு புத்திசாலி.) ஓடிவந்து அம்மாவிடம் டப்பாவைக் கேட்டேன்.

“நேத்து நூர்ஜகான் ஊட்டுக்கு சாம்பார் குடுத்தனுப்பினேன்டி.”

எங்கள் தெருவில் போன பாத்திரம் காலியாகத் திரும்பி வராது. அந்த வீட்டில் ஏதாவது விசேஷமாகச் செய்யும்வரை அங்கேதான் இருக்கும். நடுவில் போய்க் கேட்பதைப் போல மரியாதைக் குறைவு வேறில்லை. நான் போய்க் கேட்டேன்.

“காலி டப்பாவ எப்டிம்மா குடுக்கறது?” என்றார் நூர்ஜகான் அக்கா. “ஞாயித்துக்கெழம பிரியாணி போட்டு நானே எடுத்துக்கினு வரேன்.”

“குடுக்க வேணாக்கா. அடிய மட்டும் ஒரு தபா பாத்துக்கறேன்.”

“ஏன், ஓட்டையா?”

அதற்குள் அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். “குடுத்த டப்பாவ திருப்பிக் கேக்கறியாடி? மானத்த வாங்காத!”

மளிகைக் கடை வைத்திருக்கும் அக்காவின் கணவர் காதர் பாய், என்னதான் அடியில் இருக்கிறது என்று டப்பாவைக் கவிழ்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

“அம்மா... சாம்பார்... தண்ணி... எழுபத்திமூணு.”

பூமி பிளந்தால் இறங்கிவிடத் தயாராக நின்றேன்.

“அட,” என்றார் பாய் உண்மையான ஆச்சரியத்துடன். “இது உங்க ஊட்டுக்கே தெரியுமா?”

அக்கா அவர் இடுப்பில் கிள்ளினார். அம்மா என்னைப் பார்த்தாள். “எழுபத்திமூணு இன்னாடி? எழுபத்திமூணு தபாவா?”

விஷயத்தைச் சொன்னேன். இரக்கப்பட்ட பாய், பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல் பொட்டலம் கட்டும் தாளில் எழுதிக் கொடுத்தார். அட்டைகள் திறந்தன. தேறினேன். ஆனால் நான் கிளம்பும் நாள்வரை எங்கள் வீட்டில் ரசம்தான். எவ்வளவு கெஞ்சியும் அம்மா பருப்பை அடுப்பில் ஏற்றவில்லை.

ஜப்பானில் முதல் ஞாயிறு, விடுதி அறையில் பெட்டியைக் குடைந்தேன். அடியில் அந்த டப்பா, நிறைய பருப்புப் பொடியோடு. கவிழ்த்துப் பார்த்தேன். என் வரிக்குக் கீழே, அதே கடைக்காரர் கையால், தமிழில் புதிதாக ஒரு வரி: ‘அங்க கெட்டியா கெடைக்குதா?’

சிரித்தேன். பிறகு அந்தத் தண்ணிச் சாம்பாருக்காக ஏங்கி ஏங்கி அழுதேன்.

இன்றும் எங்கள் வீட்டில் குழம்பு வாசனை வந்தால், “இன்னிக்கு எழுபத்திமூணா?” என்று பாய் வீட்டிலிருந்து குரல் வரும். அம்மாவோ, யார் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரம் வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், தூக்கிப் பிடித்து அடியைப் பார்க்கிறாள்.