மோட்டர்மேனின் ஃபர்ஸ்ட் கிளாஸ் குருவிகள்

மும்பையில் சத்தமே இருக்கக் கூடாது என்று தீர்மானித்து, அதைச் செயல்படுத்தவும் இறங்கிய ஒரே மனிதர் எங்கள் மோட்டர்மேன்தான். மற்றவர்கள் இந்த ஊர் இரைச்சலைப் பற்றிப் புலம்புவார்கள், பத்திரிகைக்குக் கடிதம் போடுவார்கள், கடைசியில் தங்கள் காதில் பஞ்சை வைத்துக்கொள்வார்கள். மோட்டர்மேன் ஊரின் வாயில் பஞ்சை அடைக்கப் பார்த்தார்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் செம்பூரில் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் முதல் வாட்ஸாப் குழு வரை எல்லோருக்கும் அவர் மோட்டர்மேன். லோக்கல் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் புனேயில். எங்களுக்கு அடுத்த பிளாட். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துவிட்டு, வயதான காலத்தில் செம்பூருக்கு வந்தவன். அவர் எனக்குக் கொடுத்த தொல்லைகளை முதலில் சொல்கிறேன். நான் அவருக்குச் செய்த தீங்கை அப்புறம் சொல்கிறேன். இந்த வரிசையில் சொன்னால் என் பங்கு கொஞ்சம் சிறியதாகத் தெரியாதா என்கிற அற்ப ஆசைதான்.

தொல்லைக்குக் காரணம் குருவிகள். அவர் பால்கனி முழுக்கக் கூண்டுகள். கூண்டுக்குள் சின்னச் சின்ன மண்கலயங்கள், அதற்குள் தேங்காய் நாரில் கூடு. குருவிகளுக்கும் அவர் வகுப்பு பிரித்திருந்தார். சிவந்த அலகும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக, பொம்மைக் கார் ஹாரன் போல நாளெல்லாம் பீப் பீப் என்று கத்தும் ஜீப்ரா ஃபிஞ்சுகள் செகண்ட் கிளாஸ். எப்போதும் நெரிசல், எப்போதும் சண்டை, எப்போதும் குடும்பம் பெருகிக்கொண்டே இருக்கும். தனிக் கூண்டில் ஒரு ஜோடி கோல்டியன் ஃபிஞ்ச். பச்சை முதுகு, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு, சிவப்பு முகம். ஏதோ ஒரு குழந்தை கிரேயான் பெட்டி முழுவதையும் ஒரே பறவையின் மேல் தீர்த்த மாதிரி இருக்கும். அவை ஃபர்ஸ்ட் கிளாஸ்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்கிறது சும்மாவா சார்? முட்டை போடும். ஆனா உக்காந்து அடைகாக்காது. அதுக்கு வேற ஆள் வைக்கணும்" என்பார் பெருமையாக. அந்த வேற ஆள், பழுப்பும் வெள்ளையுமான பெங்காலி ஃபிஞ்சுகள். யார் முட்டையை வைத்தாலும் தன் முட்டை என்று நம்பி உட்கார்ந்துவிடும் அப்பாவி ஜாதி.

குருவி முட்டையில் உட்காரும் நாட்களில் சத்தம் கேட்டால் பயந்து எழுந்துவிடுமாம். அப்புறம் திரும்பி உட்காராதாம். எனவே முட்டை விழுந்ததும் அவர் வீட்டு வாசலில் சிவப்புத் துணி ஒன்று தொங்கும். அது தொங்கினால் காலிங்பெல் அடிக்கக் கூடாது, கதவை அறையக் கூடாது, லிஃப்ட் கிரில்லை இழுத்து மூடக் கூடாது. பால்காரர், பேப்பர்காரர் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. பழகாதது எங்கள் வீட்டுக் குக்கர்.

எங்கள் சமையலறை ஜன்னல் அவர் பால்கனிக்குப் பக்கத்தில். ஒரு நாள் வந்து நின்றார்.

"மேடம், விசில் இல்லாம சோறு வடிக்க முடியாதா?"

என் மனைவி வசந்தா சளைத்தவள் அல்ல. "நீங்க ஹாரன் இல்லாம ரயில் ஓட்டினேளா?"

மோட்டர்மேன் யோசித்தார். நியாயமான கேள்வி என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. விசில் வரப்போகும் தறுவாயில் வசந்தா ஜன்னல் வழியாக "மோட்டர்மேன், வரப்போறது!" என்று குரல் கொடுப்பாள். உடனே அவர் கூண்டுக்கு முன்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு ஞானப்பாட்டை எடுத்துவிடுவார். விசில் அதில் அமுங்கிவிடும். குருவிகளுக்கு அவர் குரல் பழக்கம், பயப்படாது. பயந்தவர்கள் மற்ற மாடிக்காரர்கள்தான். எங்கள் வீட்டில் சாதம் வெந்ததா என்பதைக் கட்டடம் முழுவதும் அவர் பாட்டை வைத்தே தெரிந்துகொண்டது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அந்த வருடத்துக் கணபதி. எங்கள் சந்து மண்டல்காரர்கள், அதாவது விழாக் குழுவினர், பிள்ளையாரை அழைத்து வருகிறார்கள். முன்னால் டோல் தாஷா மேளக் கோஷ்டி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குகிறது. திடீரென்று மேளம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், சந்தின் நடுவில் லுங்கியும் பனியனுமாக மோட்டர்மேன், கையில் சிவப்புத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது இந்த ஊரில் ரயில் ஏறும் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியிருக்கிறது போலும்.

"அரே அங்கிள், க்யா ஹுவா?" என்று மேளக்காரப் பையன்களின் தலைவன் பதறினான்.

"அண்டா ஹை!" என்றார் மோட்டர்மேன்.

முட்டை இருக்கிறது என்றால் யார் முட்டை, எங்கே முட்டை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் மேலே பால்கனியைக் காட்டினார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். தலைவன் தலையைச் சொறிந்தான். பிறகு மேளங்களை முதுகுக்குத் தள்ளச் சொன்னான். பிள்ளையார் எங்கள் கட்டடத்தை வெறும் ஜால்ராச் சத்தத்தோடு, கிட்டத்தட்ட நுனிக்காலில் கடந்து போனார். சந்து முனை திரும்பியதும் சேர்த்து வைத்து அடித்தார்கள் பாருங்கள், அது வேறு விஷயம்.

இனி என் பங்கு.

கோல்டியன் ஜோடி பல வருடங்களாக அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. முட்டை போடும், பொரியாது. கடைசியில் ஒரு தடவை பெங்காலியிடம் வைத்த முட்டைகள் நாலும் பொரிந்துவிட்டன. பேத்தி பிறந்தபோதுகூட அவர் இப்படி லட்டு கொடுக்கவில்லை. அந்த வாரம் பார்த்து அவருக்குக் குடலிறக்கம் முற்றி, உடனே ஆபரேஷன் என்றுவிட்டார் டாக்டர். மகள் புனேயிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் உடன் இருந்தாள். குருவிகள் என் பொறுப்பில் வந்தன.

"தினை, தண்ணி எல்லாம் உமக்குத் தெரியும். குஞ்சுக்கு மட்டும் காலையில ஒரு கோழி முட்டையை அவிச்சு, உரிச்சு மசிச்சு, ரஸ்க் தூள் போட்டு வையும். பெங்காலி தின்னுட்டு குஞ்சுக்கு ஊட்டும். அது இல்லேன்னா குஞ்சு நிக்காது."

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டார். "சார், நீரு திங்க வேண்டாம்வே! என் வீட்டு அடுப்பு, என் வீட்டுப் பாத்திரம். அவிச்சு வச்சா போதும்."

"சரி" என்றேன்.

எழுபது வயதுவரை நான் முட்டையைத் தொட்டதில்லை. மறுநாள் காலை அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். முட்டைகள் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. ஃபிரிட்ஜை மூடிவிட்டேன். பிறகு படித்தவன் செய்வதைச் செய்தேன், காரணம் கண்டுபிடித்தேன். குஞ்சுக்குத் தேவை புரதம். புரதம் எதில் இருந்தால் என்ன? எங்கள் வீட்டில் வெந்துகொண்டிருந்த பயத்தம்பருப்பில், உப்புப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து, ரஸ்க் தூளில் பிசைந்து வைத்தேன். பெங்காலிகள் ஆவலாக வந்து தின்றன. வகுப்பில் பரிசோதனை பலித்தது போல இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "சார், முட்டை வச்சீரா?"

"வச்சேன்."

"தின்னுச்சா?"

"நன்னாத் தின்னது."

அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் வச்சேன் என்றேன். அதற்கடுத்த நாளும். கலயத்துக்குள்ளிருந்து வரும் குஞ்சுகளின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது. குஞ்சுகள் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

ஒரு காலையில் கூண்டின் தட்டில் ஒரு குஞ்சு கிடந்தது. இறகு முளைக்காத, சுண்டுவிரல் நகம் போன்ற உடம்பு. பெங்காலி அதை வெளியே தள்ளியிருந்தது.

அவர் அடுப்பில் அவிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன் ரோட்டில் முட்டை வண்டிக்குப் போனேன்.

"பாய்ல்ட் யா ஆம்லெட்?"

"பாய்ல்ட். மசாலா வேண்டாம். சிடியா கே லியே."

வண்டிக்காரர் கரண்டியை நிறுத்தினார். குருவிக்கு முட்டை எதற்கு என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்ததால்தானே இத்தனையும்.

கொதிக்கக் கொதிக்க முட்டையை ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினால், எதிரே இறங்கி வருகிறார் எங்கள் பஜனைக் கோஷ்டித் தலைவர்.

"என்ன ஓய், பையிலேருந்து ஆவி வரது?"

"உருளைக்கிழங்கு" என்றேன்.

"ஏகாதசி பலகாரமா? பேஷ்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். தொடை வெந்துவிட்டது. அது போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முட்டையை உரித்தேன், மசித்தேன், வைத்தேன். பெங்காலிகள் அலகு நிறைய எடுத்துக்கொண்டு கலயத்துக்குள் போயின. மறுநாள் இன்னும் இரண்டு குஞ்சுகள் தட்டில் கிடந்தன. நாலாவது பிழைத்துக்கொண்டது.

மோட்டர்மேன் தையலைப் பிடித்தபடி வளைந்து வளைந்து வீடு திரும்பிய அன்றே, அவர் நாற்காலியில் உட்காரக் காத்திருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்ன பருப்பு?"

"பயத்தம்பருப்பு."

"உப்பு?"

"போடலை."

"பெருங்காயம்?"

எங்கள் வீட்டில் பருப்பு வேகும்போதே பெருங்காயம் போடுவது வழக்கம். அது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"வேய், போட்டீரா இல்லையா?"

"கொஞ்சம்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"குஞ்சு சாகும் சார். நான் வளத்தாலும் சாகும். அது பெருசு இல்ல. நான் கட்டில்ல கெடந்துக்கிட்டு தினம் கேட்டேன். நீரு வச்சேன்னு சொன்னீரு. பச்சை விளக்கு எரிஞ்சா நாங்க வண்டிய விட்டுருவோம்வே. இறங்கிப் போயி, தண்டவாளம் சரியா இருக்கான்னு பாக்க மாட்டோம். பின்னால பெட்டி நெறையச் சனம் இருக்கும். அந்த விளக்க நம்பித்தான் எங்க பொழப்பே." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போயிட்டு வாரும்" என்றார்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. வாசலில் கண்டால் நின்று வழி விடுவார், அவ்வளவுதான். வசந்தா ஜன்னலில் "மோட்டர்மேன், வரப்போறது!" என்று கத்துவாள். பதிலுக்குப் பாட்டு வராது. விசில் மட்டும் தனியாக அடித்து ஓயும். அவர் இத்தனை வருடம் இந்த ஊரிடம் கேட்டுப் போராடிய அமைதி, கடைசியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு காலையில் அவர் கதவை விரல் நுனியால் தட்டினேன்.

"எனக்கு முட்டை அவிக்கத் தெரியாது. சொல்லிக் குடுங்கோ."

என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே கூண்டில் அந்த நாலாவது குஞ்சு, இன்னும் நிறம் வராத சாம்பல் பச்சை உடம்போடு, கம்பில் உட்கார்ந்திருந்தது. அதையும் திரும்பிப் பார்த்தார்.

"கொதிக்கிற தண்ணியில போடாதீரும். வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, கதவை அகலமாகத் திறந்தார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் தினமும் முட்டை அவிப்பது நான்தான். தையல் ஆறி வெகுகாலம் ஆகிவிட்டது, அவரே செய்துகொள்ளலாம். செய்வதில்லை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு மேற்பார்வை பார்க்கிறார். எனக்கும் இப்போது முட்டை வழுவழுவென்று, ஒரு கீறல் இல்லாமல் உரிக்க வருகிறது. அவர் இல்லாதபோது ஒன்றிரண்டு தடவை உரித்துப் பார்த்துக்கொண்டேன். அவர் எதிரில் மட்டும் ஓட்டோடு பாதி வெள்ளையையும் சேர்த்துப் பிய்த்துவிடுவேன்.

"எத்தனை நாள்வே சொல்லுறது? இது கெமிஸ்ட்ரி படிச்ச கையா?" என்று அவர் திட்ட வேண்டும். அதைக் காதில் வாங்காவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருப்பதில்லை.