ஹாலோவே மாவட்டம் சரிப்பட்டு வருமா?

இடம் பார்ப்பவர் என்று ஒரு மனித இனம் இருக்கிறது. வீட்டுத் தரகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தரகர் என்றைக்காவது ஓர் இடத்தை முடித்துவிடுவார்; இவர் முடிக்கவே மாட்டார். தன் காய்கறியைத் தானே வளர்த்து, தன் முட்டையைத் தன் கோழியிடமே வாங்கி, கடைவாசலை மிதிக்காமல் வாழப்போவதாகச் சபதம் எடுத்திருப்பார். அதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. குடியிருக்கும் மாவட்டம் அதற்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்து, பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே முகம்தான்.

எங்கள் ஹாலோவே மாவட்டத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி வெண்டல் ஹாஸ்கின்ஸ். நெடுஞ்சாலைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் வீடு. பின்னால் ஒரு வேனை நிறுத்தும் அளவுக்குப் புல்தரை. அந்தப் புல்தரையில் அவர் செய்யாத ஆராய்ச்சி இல்லை. காலையில் காபிக் கோப்பையோடு நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பார், ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்வார், விரலை எச்சில் தொட்டுக் காற்றில் நீட்டுவார், கிடங்குப் பக்கமிருந்து காற்று வந்தால் "ம்ஹூம்" என்பார், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கவலைப்படுவார். சாப்பாட்டறைச் சுவரில் பெரிய பிளைவுட் பலகை. அதில் மாவட்ட வரைபடம். அதன்மேல் வண்ணக் குண்டூசிகள். சிவப்பு, வெள்ள அபாயம். மஞ்சள், கோழி திருடும் ரக்கூன். நீலம் எதற்கு என்று அவருக்கே மறந்துவிட்டது.

இத்தனை பார்த்து நட்டது என்ன? ஒன்றும் இல்லை.

அவர் மனைவி மார்சி பொறுத்துப் பார்த்தார். இந்த வசந்தத்தில் பூனைக்குத் தீனி வாங்கப் போனவர், தீவனக் கடையிலிருந்து ஆறு கோழிக்குஞ்சுகளோடு திரும்பினார். அவற்றைக் குளியல் தொட்டியில் விட்டு, மேலே சூடு விளக்கைத் தொங்கவிட்டார்.

"கூண்டு கட்டு, வெண்டல்."

"கட்டலாம். வாசல் எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலையே."

"முன்பக்கம் வை."

"எது முன்பக்கம்? அதுதானே கேள்வியே!"

குஞ்சுகளுக்கு இந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அவை பாட்டுக்கு வளர்ந்தன. தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து, பல் துலக்குகிறவரை ஒற்றைக் கண்ணால் பார்த்தன. மார்சி குளிப்பதற்குப் பக்கத்திலிருந்த லொரெய்ன் வீட்டுக்குப் போனார். வெண்டல் மட்டும் ஓர் ஆராய்ச்சி முடிவை அறிவித்தார்: எல்லாவற்றையும்விடப் பெரிதாக, நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் அந்தச் சிவப்புக் கோழிதான் முட்டையில் முதலிடம் பிடிக்கும். அதற்கு ஹென்ரியெட்டா என்று பெண்பெயரும் வைத்தார்.

ஒருநாள் காலையில் ஹென்ரியெட்டா கூவியது.

ஹாலோவேயில் கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். வெண்டல் சாத்துவாரா? இப்படியொரு வாய்ப்பு ஆராய்ச்சிக்கு இனி கிடைக்குமா? மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"இங்க ஒரு சேவல் கூவுதுன்னு யாராவது சொன்னா, எவ்வளவு சீக்கிரம் வருவீங்க? சும்மா, ஒரு தகவலுக்குத்தான்."

விலாசம் கேட்டார்கள். சொன்னார்.

மத்தியானமே ப்ரெண்டா டோலன் என்ற ஆய்வாளர் வந்து நின்றார். 'பரவாயில்லையே, நல்ல வேகம்' என்று மனதுக்குள் ஒரு பச்சைக் குண்டூசியைக் குத்திக்கொண்டே வெண்டல் கதவைத் திறந்தார். ஆய்வாளர் குளியலறையை எட்டிப் பார்த்தார்.

"சார், கோழிங்க ஏன் தொட்டியில இருக்கு?"

"கூண்டு விஷயம் ஆராய்ச்சியில இருக்குங்க."

"அது கோழிங்களுக்குத் தெரியுமா?"

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. சேவல் இன்றே போக வேண்டும். மற்ற ஐந்தும் சனிக்கிழமைக்குள் வெளியே ஒரு கூண்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றையும் எடுத்துப்போய்விடுவார்கள்.

ஆய்வாளர் போனதும் வெண்டல் தேர்வில் பாஸானவர் போலத் திரும்பினார். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல? இந்த மாவட்டம் சரிப்படாது!"

மார்சி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு கோழி அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. கொஞ்ச நேரம் கொத்தவிட்டார். பிறகு எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டறைக்குள் நுழைந்து, சுவரிலிருந்த பிளைவுட் பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மார்சி! அது என் வரைபடம்!"

"இல்ல. இது கூரை."

"குண்டூசியெல்லாம்?"

"நீயே வச்சுக்கோ. சேவலைக் கொண்டுபோய் எங்க அக்கா பண்ணையில விட்டுட்டு வா. போ."

அக்காவின் பண்ணை அடுத்த மாவட்டத்தில் இருந்தது. அங்கே வெண்டல் காரை விட்டு இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் மூச்சை இழுப்பதற்குள் ஹென்ரியெட்டா பெட்டியிலிருந்து குதித்து, தரையைக் கிளறி, ஒரு புழுவை விழுங்கி, கூவியும் முடித்துவிட்டது. அதன் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது கூண்டு நின்றது. லொரெய்ன் ஒரு பக்கம் பிடிக்க, மார்சி கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். வாசல் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருந்தது. காரணம் கேட்டதற்கு, "எனக்கு அதுங்களைப் பாக்கணும்" என்றார் மார்சி. சனிக்கிழமை வந்த ஆய்வாளர் குறை எதுவும் சொல்லவில்லை.

கோடை முடியும் நேரத்தில் முதல் முட்டை வந்தது. மார்சி அதைப் பொரித்துத் தட்டில் வைத்தார். வெண்டல் ரொட்டியால் மஞ்சள் கருவைத் துடைத்துத் துடைத்து, தட்டு பளபளக்கும்வரை சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே ஒரு முட்டையை வச்சு ஒரு மாவட்டத்தை முடிவு பண்ணிட முடியாது, மார்சி."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், வெயில் எந்தப் பக்கம் என்று முடிவாகட்டும் என நீங்கள் பால்கனி அலமாரியில் எடுத்து வைத்த அந்த வெண்டை விதைப் பொட்டலத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உடனே பிரித்துவிடுங்கள். பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்க உட்கார்ந்தீர்களோ, போச்சு.