கிரேக்க வீரனின் சுண்டுவிரல்

"இவ்வளவு நெஞ்சு எதுக்குடா உனக்கு?" என்று ஓவியர் தான் வரைந்த படத்தைப் பார்த்தே கேட்டார்.

மேஜைமேல் பழங்காலக் கிரேக்கப் போர்வீரன் ஒருவன் ஈட்டியும் கையுமாக, வெற்று மார்போடு நின்றான். பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் முழுப்பக்கப் படம். மற்ற ஆயுதமும் கவசமும் இனிமேல்தான் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். பதினாலு வருடமாகத் தவளையின் குடலும் தண்ணீர் பம்பின் உள்பாகமும் வரைந்து பிழைத்தவருக்கு இது பெரிய வாய்ப்பு. சில்லறை உறுப்புகளைத் தன்னையே பார்த்து வரைய மேஜையோரக் கண்ணாடி போதும்; அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மார்புக்குத்தான் வழியில்லை. அவர் உடம்பில் கவசத்தை மாட்டினால் கவசத்துக்குத்தான் அவமானம். அதனால் கீழ்த்தளத்து ஜிம் மாஸ்டரைக் கூப்பிட்டு, கையில் தரை துடைக்கும் கம்பையும் குப்பைத்தொட்டி மூடியையும் கொடுத்து அரைமணி நேரம் நிறுத்தினார்.

வினை அங்கேதான் பிடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் படத்தைத் திரும்பிப் பார்க்காத மனைவி, டீ கொண்டுவந்தவள், நின்று பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குங்க."

"எது?"

"முழுசாத்தான்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஓவியரின் காதில் புகை வந்தது. எத்தனை தவளை வரைந்திருக்கிறார், ஒன்றுக்காவது இந்தச் சிரிப்பு கிடைத்திருக்குமா? ஜிம் மாஸ்டர் அரைமணி நேரம் வந்து நின்றதும் வீடே கலாரசனையில் மூழ்கிவிட்டதாம்! உடனே போனில் கூப்பிட்டு, "இனிமே நீங்க வர வேண்டாம் மாஸ்டர்" என்றார். அடுத்த வேலையாக அந்த மார்பை மூட உட்கார்ந்தார்.

கிரேக்கர்கள் கெட்டிக்காரர்கள். வெண்கலத்தில் மார்புக்கவசம் செய்து, அதிலேயே மார்பு, வயிற்று மடிப்பு, தொப்புள் எல்லாவற்றையும் வார்த்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் படிக்கும் படம் என்பதால் உள்ளபடியே வரைய வேண்டியதாயிற்று.

"அட, கவசத்துக்கும் தொப்புள் இருக்கு! பளபளன்னு இன்னும் எடுப்பா இருக்கே," என்றாள் மனைவி.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெண்கலத்தை அழித்துவிட்டு, பல அடுக்குத் துணியை ஒட்டித் தைத்த கவசத்தை மாட்டினார். அது பலகை மாதிரி தட்டையாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார். முகம் மட்டும் ஏன் வெளியே தெரிய வேண்டும் என்று தலைக்கவசத்தையும் கவிழ்த்தார். மூக்கு, கன்னம், வாய் எல்லாம் மறைந்து, இரண்டு கண் மட்டும் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டே அந்தக் கண்களை வரைந்து முடித்தார்.

மனைவி படத்துக்குக் கிட்டே குனிந்தாள்.

"யாரையோ எரிச்சுடற மாதிரி பாக்கறான். இந்தக் கண்ணை எங்கயோ பாத்திருக்கேங்க."

"எங்க?"

"தெரியல. தினமும் பாக்கற மாதிரி இருக்கு."

தினமும்! ஜிம் இருப்பது படிக்கட்டின் அடியில். இவள் வேலைக்குப் போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். அவளிடமிருந்து ஒரு "நல்லாருக்கு"க்காக இத்தனை வருடம் காத்திருந்தது அவர். அதைத் தட்டிக்கொண்டு போனது எவனோ ஒருவன்.

அன்று மாலையே மூக்கிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு பெரிய வட்டக் கேடயம் வந்தது. முழங்காலுக்குக் கீழே கணைக்கால் கவசம். இடுப்பு வாள் கேடயத்துக்குப் பின்னால் போயே போயிற்று. தலைக்கவசத்தை இன்னும் இழுத்துவிட்டதில் கண்ணும் இருட்டாகிவிட்டது.

பதிப்பகத்து எடிட்டர் அம்மா போனில் வெடித்தார்.

"சார், தலைப்பு 'வீரனின் ஆயுதங்களும் கவசங்களும்'. நீங்க அனுப்பினதுல ஒரு பெரிய தட்டுக்கு அடியில ரெண்டு பாதம் தெரியுது. பசங்க எதைப் பாத்துப் படிப்பாங்க?"

"போர்ல மறைஞ்சு நிக்கறதுதான் மேடம் பாதுகாப்பு."

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. கேடயத்தை எடுங்க, இல்லேன்னா நான் வேற ஆளைப் பாக்கறேன்."

வேலை போனாலும் பரவாயில்லை, கேடயத்தை இறக்குவதில்லை என்ற வைராக்கியத்தோடு ஓவியர் உட்கார்ந்திருந்தார். மனைவி வந்தாள். படத்தில் பார்க்க ஒன்றுமே இல்லையே என்று அவருக்கு உள்ளூரக் குஷி.

அவள் தேடித் தேடிப் பாதத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஐயோ, இந்தச் சுண்டுவிரலைப் பாருங்களேன்! பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கு. இதைப் பாத்தாலே எனக்கு எவ்வளவு கோவமா இருந்தாலும் போயிடும்."

"என்ன தைரியம் இருந்தா இதை என்கிட்டயே சொல்லுவ?"

"உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றதாம்?" என்று செல்லமாக முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான். கண்ணைப் பார்த்தாள், சரி, வழியில் பார்த்திருப்பாள். கால் சுண்டுவிரல் வரைக்கும் எப்படித் தெரியும்? ஓவியர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தடதடவென்று படியிறங்கினார்.

"மாஸ்டர், ஷூவைக் கழட்டுங்க!"

எடை தூக்கிக்கொண்டிருந்தவர் மெல்ல இறக்கி வைத்தார். "எதுக்கு சார்?"

"உங்க சுண்டுவிரலை நான் பாத்தாகணும்."

ஓவியர்களைப் பற்றி மாஸ்டர் ஏற்கெனவே ஏதோ கேள்விப்பட்டிருப்பார் போல. உடனே ஷூவையும் காலுறையையும் கழற்றினார். ஐந்து விரலும் அணிவகுப்பில் நிற்பதுபோல் நேராக இருந்தன. ஓவியர் அந்தக் காலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இல்லையே! ஏறி உக்காந்த விரல் எங்க?"

மாஸ்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து ஓவியரின் வெறுங்காலைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் ஷூவோடதானே சார் நின்னேன்? நீங்க தேடுற விரல் உங்க கால்லயே ஏறி உக்காந்திருக்கு!"