பின் இருக்கை இல்லாத வண்டி

நாற்பத்தெட்டாவது வயதில் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊரார் கண்ணுக்கு லென்ஸ் தேய்த்துத் தேய்த்தே ஆயுளும் தேய்ந்தது போதும். பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழசாகவாவது வாங்கி, மாதம் ஒரு முறை மலைப் பக்கம் நெடுந்தூரம் போய்வர வேண்டும். அதுவும் தனியாக.

‘தனியாக’ என்பதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தவள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது தினமும் லைசென்ஸ் பரீட்சைக்குப் போவது மாதிரி. கண்ணாடியைப் பார்த்தாரா, இண்டிகேட்டர் போட்டாரா என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். இல்லாத பிரேக்கை அவள் கால் மிதிக்கும். இவருக்கு மூச்சு நிற்கும். மோட்டார் சைக்கிளில் அவள் பின்னால் உட்கார்ந்தால் அந்தப் பாடமெல்லாம் நேரே காதில் விழுமே என்று நினைத்தாலே தோள்பட்டை வலித்தது.

இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்று கல்லூரிப் பேராசிரியருடையது. கறுப்பு, ஐநூறு சிசி, தாழ்ந்த இருக்கை. பின்னால் மெத்தை, முதுகுக்குச் சாய்மானம், இரு பக்கமும் பெட்டி. நிதானமான வண்டி. எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அலுக்காது. இன்னொன்று பல் டாக்டருடையது. சிவப்பு, அறுநூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர். காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி, ஒட்டகம் மாதிரி உயரம். டாக்டர் தனிமை விரும்பி போலும். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அங்கே சாமான் கட்டும் கம்பிச் சட்டத்தைப் பொருத்தியிருந்தார். அந்தச் சட்டத்தை விளம்பரப் படத்தில் பார்த்ததுமே கண்ணாடிக்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? பெரிய தாளில் கோடு போட்டு ஒப்பிட்டார். மைலேஜ், டேங்க் கொள்ளளவு, டயர், ஹெட்லைட் என்று இருபத்திரண்டு வரிசை. பின் இருக்கைக்கு மட்டும் வரிசை இல்லை. சிவப்பு பதினேழுக்கு ஐந்து என்று ஜெயித்தது.

மனைவி தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“எல்லாம் பார்த்துட்டீங்க. நான் எங்க உட்காருவேன்?”

“அதான் எனக்கும் வருத்தம். இன்ஜின் அவ்வளவு நல்லா அமைஞ்சிருக்கு, இருக்கை ஒண்ணாப் போச்சு.”

“பரவாயில்ல. ஒருத்தராவது சந்தோஷமாப் போய்ட்டு வரட்டும்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள்.

வண்டி படத்தில் இருந்ததைவிட உயரமாக இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். கால் விரல் நுனி தரையைத் தேடியது. இடப்பக்கம் எட்டினால் வலப்பக்கம் எட்டவில்லை. ஸ்டாண்டைத் தட்டிவிட்டதும் வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. டாக்டர் பல்லைக் கடித்தார். மனைவி ஒரே எட்டில் வந்து கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

“வண்டி கொஞ்சம் உயரம்” என்றார் அவர்.

“ஆமா, வண்டிதான்” என்றாள் அவள்.

அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். அவளுக்கு இரு பாதமும் தரையில் பதிந்தன. தெருமுனை வரை போய், அகலம் குறைந்த அந்தத் தெருவிலேயே கால் ஊன்றாமல் திருப்பிக்கொண்டு வந்தாள். செயின் தளர்ந்திருக்கிறது, முன் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, பின் டயரை மாற்றியாக வேண்டும் என்று அடுக்கினாள். டாக்டர் மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார். எனக்காக எப்படிப் பேசுகிறாள் பார் என்று கணவருக்கு நெஞ்சு விம்மியது. வண்டியை யார் பெயரில் மாற்றுவது என்று டாக்டர் கேட்டபோது, டிரைவிங் ஸ்கூல்காரி பெயரில் இருந்தால் அலைச்சல் குறைவு என்றாள் அவள். அதுவும் அவருக்கு நியாயமாகவே பட்டது.

அடுத்த வாரமெல்லாம் வரைபடத்தில் பாதை குறித்தார். எந்த வளைவில் நிற்பது, எந்த விடுதியில் தங்குவது, எல்லாம் எழுதினார். சனிக்கிழமை விடிந்ததும் புது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தில் பை கட்டியிருந்தது. பை அவருடையதல்ல. ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம் அவருக்குப் பழக்கமானதுதான்.

“நீயா போற?”

“கால் எட்டாத மனுஷனை மலைக்கு அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியா இருக்க முடியுமா? பாதை ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்.”

பின்னால் ஏறிக்கொள்ளலாமென்றாலும் அங்கே கம்பிதான் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் யாரிடம் போய் முறையிடுவார்?

“அப்போ நான் எப்பதான் ஓட்டுறது?” என்றார் கடைசியில்.

அவள் கையுறையை இழுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டாள்.

“நம்ம ஸ்கூல்ல பேர் பதிஞ்சிருக்கேன். எட்டு மணிக்கு முதல் வகுப்பு. சைக்கிள்ல இருந்து ஆரம்பிப்பாங்க.”