பதினோரு கிலோ குறைத்த கதை

என் வண்டியில் பதினோரு கிலோவைக் குறைத்தே தீருவேன் என்று நான் சபதம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். சாட்சி என் மனைவி மட்டும்தான். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்றே சபதம் செய்தேன்.

வண்டி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கார்ட் வண்டி. குழாய்களைப் பற்றவைத்த ஒரு சட்டம், நான்கு குட்டிச் சக்கரங்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கை, பின்னால் புல் வெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய சின்ன இன்ஜின். ஸ்பிரிங் கிடையாது. கூரை கிடையாது. ஏறி உட்கார்ந்தால் மானமும் கொஞ்சம் குறைவுதான்.

எங்கள் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்கள் சங்கம், இந்த வருடம் முதல் தடவையாக, வீட்டில் செய்த வண்டிகளுக்குப் பந்தயம் அறிவித்தது. ஒல்லியானவன் சும்மா ஜெயித்துவிடக் கூடாதென்று ஒரு விதி: வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. கூடலாம். கூடினால் பின்னால் வர வேண்டியதுதான். ஆகவே புத்திசாலி நூற்றைம்பதில் நிற்பான். நான் நூற்று அறுபத்தொன்றில் நின்றேன்.

போட்டிக்கு என் மச்சானும் பெயர் கொடுத்திருந்தார். மனைவியின் அண்ணன். கம்பெனி லாரி ஓட்டியவர். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருடத்தில் கேரம், சீட்டு, குரல் என்று எதிலும் நான் அவரை ஜெயித்ததில்லை.

ஆனால் என் கவலை மச்சான் அல்ல. பின்னறை. பதினோரு அடிக்கு எட்டடி. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் என் பட்டறை வைஸ், துளை போடும் மெஷின், நாற்பத்திரண்டு ஸ்பேனர், நான், எல்லாரும் நிம்மதியாக இருந்த இடம். என் மனைவி தெருவுக்கே துணி தைப்பவள். அவள் தையல் மெஷின் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது சோற்றிலிருந்து நூல் எடுப்பேன். பின்னறை தனக்கு வேண்டும் என்று அவள் ஆறு வருடமாகக் கேட்கிறாள். ஆறு வருடமாக எனக்குக் காது மந்தம்.

"ஏங்க, ஒரு பேச்சு பேசிக்கலாமா?" என்றாள். "பந்தயத்துல ஜெயிச்சா அந்த ரூம் உங்களுக்கு. ஆயுசுக்கும் கேக்க மாட்டேன். தோத்தா எனக்கு."

"தோத்தா என் சாமானெல்லாம் எங்க போகும்?"

"அதை அப்ப பாத்துக்கலாம்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் படுக்கையறைக்கு வரும். வண்டியும் வரும். உன் பக்கம்தான் நிறுத்துவேன்."

அவள் படுக்கையறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொன்னதை நான் முப்பத்தொரு வருடத்தில் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். முதல் தடவை பெண் பார்க்கப் போனபோது.

எடை பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆள் நின்று எடை பார்க்கும் மெஷின் ஒன்றுதான். வண்டியில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஒரு சக்கரத்துக்கு அடியில் மெஷினை வைத்து மனைவி முள்ளைப் படிப்பாள். பிறகு அடுத்த சக்கரம். நான்கையும் கூட்டினால் மொத்தம். முப்பத்துநாலு வருடம் ஸ்டோரில் கணக்கு வைத்தவன் நான். ஓர் ஆணி குறைந்ததில்லை.

மனைவி வண்டியின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கினாள். பிறகு பின்பக்கத்தை இரண்டு கையாலும். அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்சல் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள்.

"எதுக்குங்க குறைக்கணும்? நீங்களும் ஏறினா நூத்தம்பதுதான் வரும். அரை கிலோ முன்னப் பின்ன."

"மெஷின் நூத்தி அறுபத்தொண்ணு காட்டுது."

"என் கை நூத்தம்பதுங்குது."

"உன் கைக்கு யாரு முத்திரை குத்தினா?"

"ஒரு தடவை சொல்லுவேன். மறுபடி மறுபடி சொல்ல நான் என்ன ரேடியோவா?" என்று தைக்கப் போய்விட்டாள்.

நான் குறைக்க ஆரம்பித்தேன். இரும்பு இருக்கையை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு வைத்தேன். மூன்றே கால் கிலோ குறைந்தது. சட்டத்தில் துளை போட்டேன். பெடலில் துளை. செயின் மூடியில் துளை. மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு. ஆர்வத்தில் இருக்கையைத் தாங்கும் பட்டையில் ஆறு அதிகமாகப் போட்டதில் அது வளைந்து, நான் தரையில் உட்கார்ந்தேன். அதை மட்டும் மாற்றினேன். இருநூறு கிராம் நஷ்டம்.

மச்சான் வந்து பார்த்தார்.

"மாப்ளே, இது வண்டியா சல்லடையா? இதுல மாவு சலிக்கலாம் போலிருக்கே!"

"நீங்க உங்க தொப்பைய கவனிங்க மச்சான். அதுக்குத் தனி லைசென்ஸ் எடுக்கணும்."

இன்னும் நான்கரை கிலோ இருந்தது. வண்டியில் இனித் துளை போட இடமில்லை. மிச்சமிருந்த சாமான் நான்தான். இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். பத்தாம் நாள் கனவில் ஒரு பானை வந்தது, மூடியைத் திறப்பதற்குள் விழித்துவிட்டேன். இருபத்திரண்டு நாளில் நான்கு கிலோ போயிற்று. கடைசியில் மீசையையும் எடுத்தேன். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்று கிராம்.

"குத்துது, எடுங்கன்னு முப்பத்தொரு வருஷமா கெஞ்சினேன்" என்றாள் மனைவி. "எனக்காக எடுக்கல. மூணு கிராமுக்காக எடுத்திருக்கீங்க."

பந்தயத்துக்கு முந்தின மாலை நான்கு சக்கரத்தையும் கூட்டினேன். நூற்றைம்பதரை. அரை கிலோ பாதுகாப்புக்கு. கர்வத்தோடு அவளைப் பார்த்தேன். அவள் பழையபடி முன்னால் தூக்கினாள், பின்னால் தூக்கினாள், கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள்.

மறுநாள் மைதானத்தில் ஆறு வண்டிகள். சங்கச் செயலாளர், மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசைக் கொண்டுவந்திருந்தார். வண்டியோடு ஏறி உட்கார்ந்தேன்.

"நூத்தி முப்பத்தொன்பதரை" என்றார் செயலாளர். "பத்தரை கிலோ குறையுது. ஓட்ட முடியாது."

"உங்க தராசு தப்பு!"

"வீட்டுல எப்படிப் பாத்தீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன், இரக்கமாகப் பார்த்தார்.

"ஒரு சக்கரத்தை மட்டும் மெஷின் மேல தூக்கி வச்சா பாரம் அந்தச் சக்கரத்து மேலதானே போய் விழும்? மத்த மூணுக்கும் அதே உயரத்துல பலகை வச்சிருக்கணும். நாலு தடவையும் கூடக் காட்டியிருக்கு."

அதாவது, முதல் நாளே என் வண்டி சரியாக இருந்தது. இருநூற்றுப் பதினெட்டுத் துளை, இருபத்திரண்டு நாள் பட்டினி, ஒரு மீசை, எல்லாம் வீண். பின்னறையும் போயிற்று. பின்னால் மச்சானின் சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது.

"செயலாளர் சார்," என்றாள் என் மனைவி. "குறையற எடைக்கு வேற சாமான் வச்சு ஈடுகட்டலாம்னு விதியில இருக்குல்ல?"

"இருக்கும்மா. ஆடாம போல்ட் போடணும்."

அவள் எங்கள் வண்டியை ஏற்றி வந்த வேனிலிருந்து ஒரு தட்டையான இரும்புப் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே என் வைஸ், என் துளை மெஷின், என் ஸ்பேனர்கள். இடையிடையே துணித் துண்டுகளைத் திணித்து, கடகடவென்று சத்தம் வராமல் கட்டியிருந்தாள்.

"இதை எதுக்குக் கொண்டுவந்தே?" என்றேன்.

"பத்தே முக்கால் கிலோ. தாழ்வா, சீட்டுக்கு முன்னாடி வைங்க. வளைவுல திரும்பும்போது வண்டி தூக்காது."

போல்ட் போட இடம் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே பார்த்தாலும் துளைதான். தராசில் ஏறினேன். நூற்றைம்பதே கால்!

பந்தயத்தை எப்படிச் சொல்வேன்! பத்துச் சுற்று. முதல் இரண்டு சுற்றில் நான்காவது இடம். மூன்றாவது சுற்றில் வளைவை உணர்ந்துகொண்டேன். மற்றவர்கள் வளைவில் வேகத்தைக் குறைத்தார்கள். என் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு பல்லி மாதிரி திரும்பியது. ஆறாவது சுற்றில் இரண்டாவது இடம். முன்னால் மச்சான். நேர்ப் பாதையில் அவர் இன்ஜின் உறுமியது, வளைவில் அவர் உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போயின. ஒன்பதாவது சுற்றின் கடைசி வளைவில் உள்பக்கமாகப் புகுந்தேன்.

"மாப்ளே! எங்கடா வர்றே?"

"முன்னாடி மச்சான்!"

பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. பதினான்கு அடி வித்தியாசத்தில் ஜெயித்தேன். மனைவி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அவளுக்கு விசில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கூச்ச சுபாவமுள்ள நான் இருக்கைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினேன். மச்சான் வந்து கட்டிக்கொண்டார். முப்பத்தொரு வருடக் கேரம் அந்த ஒரு நிமிடத்தில் கழிந்தது.

செயலாளர் மாலை போட்டார். பிறகு ஒரு கம்பியை எடுத்து, பெட்டியின் போல்ட்டுகளைச் சுற்றிக் கட்டி அரக்கு வைத்தார்.

"இது எதுக்கு சார்?"

"பதினாலாவது விதி. ஜெயிச்ச வண்டி, ஓடினது ஓடினபடியே, ஒரு வருஷம் சங்கத்து ஹால்ல காட்சிக்கு இருக்கும். எவ்வளவு பெரிய கௌரவம்!"

"அதுக்குள்ள என் வைஸ் இருக்கு."

"அதுக்கும் கௌரவம்தானே?"

மனைவியைப் பார்த்தேன். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பின்னறைச் சாவியை என் கையில் கொடுத்தாள். "சொன்ன சொல் மாற மாட்டேன். ரூம் உங்களுதுதான்." திறந்தேன். ஓர் எண்ணெய்க் கறை, ஒரு துடைப்பம், பதினோரு அடிக்கு எட்டடி காற்று.

"பந்தய நோட்டீஸ்ல பதினாலு விதியையும் நீ படிச்சியா?"

"ரெண்டு பக்கமும் படிச்சேன்."

"பேசாம இருந்திருந்தா நான் தோத்திருப்பேனே. ரூம் உனக்கே வந்திருக்குமே?"

"வந்திருக்கும். கூடவே உங்க சாமானும் வண்டியும் என் கட்டில் பக்கத்துல வந்திருக்கும். இப்ப ரெண்டுமில்லாம சுத்தமா இருக்கு பாருங்க." துடைப்பத்தை எடுத்தாள். "வெறுமனே கிடந்தா பூச்சி சேரும்ங்க. தையல் மெஷினை மட்டும் ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா? நீங்க ஜெயிச்ச ரூம். நீங்க சொன்னாத்தான்."

ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டாமா? வைத்துக்கொள் என்றேன். மறுநாள் மெஷினோடு வெட்டுமேஜை வந்தது. அதற்கடுத்த நாள் துணி அலமாரி. என் அறையில் ஒரு முக்காலி எனக்கென்று இருக்கிறது.

இன்று காலை அதில் உட்கார்ந்து பதினாறு பொத்தான் தைத்தேன், நான்கைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லியிருக்கிறாள்.