ஹில்டிங்கின் ஸாபைப் பார்க்க வந்தவர்கள்

“விளம்பரம் கொடுத்துட்டேன்” என்றாள் பெரிட்.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஹில்டிங்கின் கத்தி பாதி வழியில் நின்றது.

“எதுக்கு?”

“காருக்கு. கார் சங்கத்துப் பத்திரிகையில. இனிமே சனிக்கிழமையானா ஆளுங்க பார்க்க வருவாங்க. அந்தச் சட்டையை மட்டும் மாத்திக்கோ, புண்ணியமாப் போகும்.”

கார் என்றால் ஸாப். எண்பத்தெட்டாம் வருடத்து 900 மாடல். சிவப்பு. அதைச் செய்த, ஸ்வீடனின் த்ரோல்ஹெத்தன் ஊர்த் தொழிற்சாலையில் ஹில்டிங் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். உற்பத்தி வரிசையில் வரும் ஒவ்வொரு காருக்கும் டாஷ்போர்டு என்கிற முன்பலகையைப் பொருத்துவது அவர் பொறுப்பு. ஒருநாள் அப்படி ஒன்றைப் பொருத்தும்போது மனசு போய்விட்டது. எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு, எட்டு மாதம் தேடி, யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து அதே காரை வாங்கி வந்தார். கல்யாணத்துக்குப் பெண் தேடியபோது இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று பெரிட் சொல்வாள்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், கம்பெனி திவாலானது. ஊரில் பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் வேறு வேலை தேடினார்கள். ஹில்டிங் இரண்டையும் செய்யவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். கார் சங்கத்திலிருந்து விலகினார். ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தை பேசினால் அதிகம். அதில் நாலு, இரண்டு தடவை “காபி இருக்கா?”. மற்ற நேரமெல்லாம் கார் கொட்டகையில், எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

போன இலையுதிர்காலத்திலிருந்து பெரிட்டுக்கு இடுப்பு வலி வேறு. ஸாபின் பள்ளமான சீட்டிலிருந்து எழுந்திருக்க, கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டியிருந்தது. “இந்தக் காருக்கு ஒரு வழி பண்ணியாகணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பண்ணிவிட்டாள்.

“என்ன எழுதிக் கொடுத்தே?”

“அதோ இருக்கு, படிச்சுப் பாரேன்.”

“என் காரைப் பத்தி அச்சடிச்ச எதையும் நான் படிக்க மாட்டேன்!”

அந்த வாரத்தின் மிக நீண்ட வாக்கியம் அதுதான். சொல்லிவிட்டு, வாணலியை எடுத்துப் பத்திரிகையின் மேல் வைத்தார்.

முதல் சனிக்கிழமை சிக்ஸ்டன் என்ற பல் டாக்டர் வந்தார். ரிட்டயரானவர். ஹில்டிங் ஒரு திட்டத்தோடு காத்திருந்தார். காரைப் பற்றி அவரே கேவலமாகச் சொல்லிவிட்டால் யார் வாங்குவார்கள்?

“எப்படி ஓடும்?” என்றார் டாக்டர்.

“மோசமா.”

“பெட்ரோல்?”

“குடிக்கும்.”

“துரு?”

“அடியில குனிஞ்சு பார்க்காதீங்க, அழுகை வந்துடும்.”

டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்கண்ணாடி எதிரே நின்று உதட்டைப் பிதுக்கினார். “இதை ஏங்க இப்படி வளைச்சு வெச்சிருக்காங்க? வரைஞ்சவன் தூக்கத்துல வரைஞ்சிருப்பான் போல.”

ஹில்டிங்கின் காது சிவந்தது.

“தூக்கத்துலயா? ஆகாய விமானம் செஞ்ச கம்பெனிங்க இது! விமானி எப்படி உட்கார்ந்து பார்ப்பான்? அப்படிப் பார்க்கிறதுக்காக வளைச்சது. நீங்க உள்ள உட்காருங்க. உட்காருங்கன்னா! தெரியுதா? இப்ப ரெண்டு பக்கமும் பாருங்க. கண்ணாடியோரக் கம்பம் மறைக்குதா? சொல்லுங்க, மறைக்குதா?”

“கொஞ்சம் மறைக்கிற மாதிரிதான்...”

“நீங்க தப்பா உட்கார்ந்திருக்கீங்க!”

இரண்டரை மணி நேரம் ஆனது. காட்டு மான் குறுக்கே பாய்ந்து, கார் மூன்று முறை உருண்டு, தன் மைத்துனர் வாயில் இருந்த சிகரெட்கூட அணையாமல் இறங்கி வந்த கதையை ஹில்டிங் சொல்லி முடித்தபோது காபி மூன்றாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அடுத்த வாரம் என் மச்சானையும் கூட்டிட்டு வரேன்.”

ஹில்டிங் வேலியோரம் போய் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் எவெர்ட். முப்பது வருடமாக அடுத்த வீடு, முப்பது வருடமாக ஸாபுக்குப் போட்டியான வால்வோ கார். அதனாலேயே இருவருக்கும் பேச நிறைய இருந்தது. அதுவும் இரண்டு வருடமாக நின்றுபோயிருந்தது.

“எவெர்ட், மாட்டிக்கிட்டேன். காரை வித்துடுவா போல.”

எவெர்ட் புல்வெட்டும் இயந்திரத்தை அணைத்தார். “வந்தவன் விலை கேட்டானா?”

“கேக்கல. குறைதான் சொன்னான்.”

“போச்சு! விலை கேக்கிறவன் இன்னும் யோசிக்கிறான்னு அர்த்தம். குறை சொல்றவன் முடிவே பண்ணிட்டான். அடிமாட்டு விலைக்குப் பிடிக்கத்தான் குறை சொல்றது.”

“என்ன பண்ணலாம்?”

“ஸ்டார்ட் ஆகாம பண்ணு. ஸாப்தானே? அதுவா ஆகாமலும் போகலாம்.”

“வாயை மூடு.”

ஆனாலும் யோசனை நன்றாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் ஹில்டிங் எஞ்சினிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

ஆறு பேர் வந்தார்கள். டாக்டர், அவர் மச்சான் ரூபன், உத்தெவல்லாவிலிருந்து ஒரு தம்பதி, இன்னும் இரண்டு பேர். சாவியைத் திருப்பியதும் கார் இருமிவிட்டுப் படுத்தது.

“பார்த்தீங்களா? செத்த வண்டி” என்றார் ஹில்டிங் சந்தோஷமாக.

ரூபனுக்கு அதைவிடச் சந்தோஷம். அவர் ஏரிக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவர். கோட்டைக் கழற்றிப் பெரிட்டிடம் கொடுத்தார். “மூடியைத் திறங்க!”

திறந்ததும் ஆறு தலைகளும் உள்ளே போய்விட்டன.

“இது என்னங்க, எஞ்சினைத் திருப்பி வெச்சிருக்கு?” என்றார் ரூபன். “குடிச்சிட்டு மாட்டினாங்களா?”

“யார் குடிச்சது?” ஹில்டிங் சட்டைக் கையை மடித்தார். “கிளட்ச் முன்னாடி வரணும்னே திருப்பி வெச்சது. மத்த கார்ல கிளட்ச் மாத்தணும்னா எஞ்சினையே இறக்கணும். இதுல நின்ன இடத்துல மாத்தலாம். நம்பலையா? பெரிட், அந்த ஸ்பானர் டப்பாவை எடு!”

ஒரு மணி நேரத்தில் கிளட்ச் தட்டு வெளியே வந்து உத்தெவல்லா அம்மாளின் கையில் இருந்தது. அவள் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாள். இன்னொரு மணி நேரத்தில் எல்லாம் திரும்ப உள்ளே போனது. கடைசியில் பிடுங்கிய ஒயரையும் ரூபன் கண்டுபிடித்தார்.

“இது கழண்டிருந்தது” என்றார் மெதுவாக.

“அட, எலி கடிச்சிருக்கும்” என்றார் ஹில்டிங். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. ஆறு பேரும் கை தட்டினார்கள். உத்தெவல்லா அம்மாள் மட்டும் “சிவப்பு கொஞ்சம் அழுதுவடியுது” என்றாள். ஹில்டிங் அவளை வாசல்வரை துரத்திக்கொண்டு போய் வண்ணம் பூசும் விதத்தை விளக்கினார்.

மூன்றாவது வாரம் வேறு வழியில்லை. காரையே ஒளித்துவிட்டார். எவெர்ட்டின் கொட்டகையில், வால்வோவுக்குப் பக்கத்தில்.

“என் வண்டிக்கு இது அவமானம்” என்றார் எவெர்ட். “ஒரு நாள்னா பொறுத்துக்கும்.”

“யார்கிட்டயும் வாய் திறக்காதே.”

“நானா?”

பதினான்கு பேர் வந்தார்கள். முற்றத்தில் நிற்க இடமில்லை. பட்டைத் தூள் தூவிய பன்னை இரண்டு தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு பெரிட் நொண்டி நொண்டி வந்தாள்.

“கார் இங்க இல்லை” என்றார் ஹில்டிங். “வெளியூர் போயிருக்கு.”

“தனியாவா?” என்றார் டாக்டர்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எவெர்ட்டின் குரல் கேட்டது. “இங்க வாங்க, இங்க வாங்க! ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. எது கார், எது கடலைப்பொட்டலம்னு நீங்களே சொல்லுங்க!”

கூட்டம் வேலியைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. ஹில்டிங் வேலியைத் தாண்டியே போனார். அறுபத்தாறு வயதில் அவர் தாண்டிய முதல் வேலி. கால்சட்டை கிழிந்தது. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. எவெர்ட் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்.

“...வித்தியாசமா செய்யறோம் செய்யறோம்னே போனாங்க. கடைசியில வாங்கறதுக்கு ஆளில்லை.”

“ஆளில்லாமலா இத்தனை பேர் நிக்கிறாங்க?” என்று கத்தினார் ஹில்டிங்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. ஸாபின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். அடுத்து அவர் சொன்னது, சொல்ல நினைத்தது அல்ல.

“காலை ஆறு மணிக்குப் போனா பசை வாசனை அடிக்கும். முன்பலகைக்குப் போடற பசை. மத்தவங்களுக்குத் தலை வலிக்கும். எனக்கு அது இல்லாம பொழுது விடியாது. ஞாயித்துக்கிழமைகூட என் கை அந்த வாசனை அடிக்கும். வரிசை நின்னுச்சே, அன்னிக்கு என் முன்னாடி ஒரு கார் நின்னுச்சு. கறுப்பு. பாதிப் பலகை மாட்டியிருந்தேன். சாமான் வரலை, வீட்டுக்குப் போங்கன்னாங்க. மீதி நாளைக்குன்னு சொல்லி, ஸ்க்ரூடிரைவரை சீட்டுலயே வெச்சிட்டு வந்தேன்.”

கூரையில் ஊன்றியிருந்த கையை எடுத்து ஒருமுறை முகர்ந்தார்.

“அந்த நாளைக்கு வரவே இல்லை. யார் மாட்டினாங்களோ மீதியை. இல்ல, அப்படியே நசுக்கிட்டாங்களோ.”

எவெர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வால்வோ ஓட்டுகிறவர் ஒருவர் ஸாபுக்காகத் தொப்பியைக் கழற்றியதை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் பெரிட் காபிக் குடுவையோடு நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இடுப்பு வலி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் ஹில்டிங்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டில் இடுப்பில் அறுவை சிகிச்சை. பெரிட் அதைப் படித்துவிட்டுக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினாள்.

ஹில்டிங் அந்தக் கடிதத்தைப் பல தடவை பார்த்தார். வலிக்கிற இடுப்போடு ஒருத்தி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி எழுந்திருக்கிறாள். அவர் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, வேலி தாண்டிக்கொண்டு இருக்கிறார். வெட்கமாக இருந்தது. காரைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் குறை சொல்கிற யாருக்கும் கொடுப்பதில்லை.

நான்காவது சனிக்கிழமை மழை. ஒரே ஒருத்திதான் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அனெலி என்று பெயர் சொன்னாள்.

“அப்பாவும் ஸாப் தொழிற்சாலையிலதான் இருந்தார். பெயின்ட் பிரிவுல. நான் சின்னவளா இருந்தப்போவே போயிட்டார்.”

“அப்படியா?” ஹில்டிங் கதவைத் திறந்துவிட்டார். “உட்காருங்க. எதுவும் கேக்கணும்னா கேளுங்க.”

அவள் ஸ்டியரிங் இருந்த இடது பக்கம் உட்காரவில்லை. மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. மழை கூரையில் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, எதிரே பார்த்தபடியே, அவள் இடது கை தானாகக் கீழே இறங்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் சாவி இருக்கும் இடத்தைத் தொட்டது. மற்ற காரில் சாவி அங்கே இருக்காது. ஸாபில்தான் இருக்கும்.

“சாவியை எடுக்கணும்னா ரிவர்ஸ் கியர் போடணும் இல்லையா?” என்றாள். “அப்பா வீடு வந்ததும் கியரைப் போட்டுட்டு என்னைப் பார்ப்பார். சாவியை உருவறது என் வேலை. வேற யாரையும் தொட விடமாட்டேன்.”

“எந்த வருஷத்துக் கார்?”

“தெரியலை. பச்சை. அம்மா வித்துட்டாங்க. வாங்கினவர் வந்து எடுத்துட்டுப் போனப்போ சாவியை நான்தான் உருவிக் கொடுத்தேன்.”

ஹில்டிங் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே தான் பொருத்திய முன்பலகை. ஒருமுறை கையால் தடவினார். பிறகு கியரை ரிவர்ஸில் போட்டார்.

“எடுங்க” என்றார்.

அவள் உருவினாள். சாவி உள்ளங்கையில் இருந்தது. அவள் அதை நீட்டியபோது ஹில்டிங் அவள் விரல்களை மூடினார்.

“உங்ககிட்டயே இருக்கட்டும். வண்டி உங்களுக்குத்தான். ஒண்ணும் தர வேண்டாம். துருன்னு மத்தவங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய், அடியில சுத்தமா இருக்கு. குளிர்ல ஒரு தடவை அடம் பிடிக்கும், ரெண்டாவது தடவை கிளம்பிடும். திட்டாதீங்க, அவ்வளவுதான்.” முன்பலகையில் இருந்த தூசியைக் கையால் துடைத்தார். “நாலு வாரமா எத்தனையோ பேர் வந்தாங்க. ஒரு குறையும் சொல்லாதவங்க நீங்க ஒருத்தர்தான்.”

அனெலி திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. சாவியை அவசரமாக அவர் மடியில் வைத்தாள்.

“ஐயையோ, நான் வாங்க வரலைங்க! வந்ததும் குறை சொல்லியிருக்கணும், எனக்குத்தான் வாய் வரல, மன்னிச்சிடுங்க.” மழைக்கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். “உங்க மனைவி போட்ட விளம்பரத்துல தெளிவா இருக்கே: ‘கார் விற்பனைக்கு இல்லை. என் கணவர் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. காரைக் குறை சொன்னால் மட்டும் பேசுவார். தயவுசெய்து சனிக்கிழமைகளில் வந்து குறை சொல்லுங்கள்.’”